தலைமாட்டு மைக்

அந்த மின்விசிறியைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்கள் இன்ஸ்பெக்டர் சார். ஒரு இறக்கை வளைந்திருக்கிறது, சுற்றுக்குச் சுற்று முனகுகிறது. உங்களுக்குப் பழகியிருக்கும். எனக்குக் காதுதான் சோறு போடுகிறது. பின்னால் இப்படி ஒரு சத்தம் ஓடினால் பேச்சு கோவையாக வராது. நன்றி.

கோவில்பட்டியில் கிருஷ்ணகுமார் சவுண்ட் என்றால் ஓரளவு தெரியும். கோயில் கொடைத் திருவிழாவுக்குப் பாடுகிறவர்களைப் பதிவு செய்து, சுத்தம் பண்ணிக் கொடுக்கிறேன். எங்கள் பக்கத்தில் பதிவு என்றால் பாதி வேலை காற்றோடு மல்லுக்கட்டுவதுதான். நாகலாபுரத்தில் கரிசல் காட்டு ஓரமாக மைக்கை நிறுத்தினால், பாடுகிற அம்மா வாயைத் திறக்கும் முன் காற்று பாடிவிடும். அதற்குத்தான் நாய்ஸ் கேட். நாம் ஒரு வரம்பு வைக்கிறோம். அதற்கு மேலே வருகிற சத்தத்துக்கு மட்டும் கதவு திறக்கும். மற்றதெல்லாம் வெளியே நிற்க வேண்டியதுதான். கம்ப்ரஸர் வேறு. உச்சிக்குப் போகிற குரலை அமுக்கி, தணிந்த குரலைத் தூக்கி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைக்கும். இதைச் சொல்லாமல் என் மனைவி விஷயத்தைச் சொல்ல முடியாது.

போன கார்த்திகையில் முத்துச்செல்விக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு நிற்கவில்லை, ஆனால் மெலிந்துபோனது. தொண்டையில் சளி சேர்ந்தால் அவளாகத் துப்ப முடியாது. யாராவது ஒருக்களித்துப் படுக்கவைத்து, விரலில் துணி சுற்றி எடுக்க வேண்டும். இல்லையென்றால் மூச்சு அடைத்துக்கொள்ளும் என்று டாக்டர் என்னிடம்தான் சொன்னார். அதை நான் மறுக்கவில்லை.

அவள் தம்பி இசக்கிபாண்டி, கட்டிலில் கட்டுவதற்கு ஒரு காலிங் பெல் வாங்கி வந்தான். நான்தான் வேண்டாம் என்றேன். நல்ல மைக் ஒன்று சும்மா கிடந்தது. அதை அவள் தலைமாட்டில் மாட்டி, மாடியில் இருக்கும் என் ஸ்டுடியோவுக்கு ஒயர் இழுத்தேன். வேலை நடக்கும்போதும் ஹெட்போனில் அவள் குரல் வரும். இசக்கிபாண்டிக்குக் கண் கலங்கிவிட்டது.

"அக்கா குடுத்து வச்சவ அத்தான். யாரு இப்படிப் பாத்துக்கிடுவா?" என்றான்.

அடுத்த வீட்டு சுப்புத்தாய் அக்கா, இவள் லேசாக முனகினாலே ஓடிவருகிறவர். அவரிடமும் சொன்னேன், இனி நீங்கள் அலைய வேண்டாம், உங்களுக்கு முன்னால் எனக்குக் கேட்டுவிடும் என்று. அப்போது அது உண்மை.

கேட்டதுதான் கஷ்டம். ஏங்க, மணி என்ன. ஏங்க, குழாயில தண்ணி வந்துட்டா. ஏங்க, வாசல்ல யாரு. மெலிந்த குரல் என்பதால் கம்ப்ரஸர் போட்டுத் தூக்கியிருந்தேன். அதில் ஒரு குறை உண்டு. மணி கேட்கிற 'ஏங்க'வும் மூச்சு முட்டுகிற 'ஏங்க'வும் காதுக்கு ஒரே உயரத்தில்தான் வரும். அதனால் ஒவ்வொன்றுக்கும் படி இறங்க வேண்டியிருந்தது. இறங்கினால் சிரிப்பாள். "சும்மாத்தான் கூப்பிட்டேன்" என்பாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கும், எழுதிக்கொள்ளுங்கள். எரிச்சலும் வந்தது, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பின்னால் இருக்கிற தீப்பெட்டி ஆபீஸின் மிஷின் சத்தமும் மைக்கில் ஏறியது. அதை நிறுத்தத்தான் கேட் போட்டேன். முதலில் மிஷின் சத்தம் நின்றது. கொஞ்சம் ஏற்றினேன், அவள் அறை விசிறி நின்றது. இன்னும் கொஞ்சம் ஏற்றினேன், பெருமூச்சு நின்றது. பிறகு முனகல். காதுக்கு எவ்வளவு இதமாக இருந்தது என்று உங்களுக்குச் சொன்னால் புரியாது.

ஒருநாள் அளவு பார்த்தேன். பாட வருகிறவர்களிடமும் இதைத்தான் செய்வோம். மாடியிலிருந்து குரல் கொடுத்தேன். "முத்து, ஒன்னால முடிஞ்ச மட்டும் சத்தமாக் கூப்பிடு." கூப்பிட்டாள். இன்னும் என்றேன். இருமல் வருகிறவரைக்கும் கூப்பிட்டாள். பிறகு கீழே போனேன்.

"நல்லாக் கேக்குதாங்க?"

"நல்லாக் கேக்குது."

"அப்ப இனிமே பயமில்ல," என்றாள்.

அவளால் முடிந்த சத்தத்துக்கு ஒரு மயிரிழை மேலே வரம்பை வைத்துவிட்டுத்தான் கீழே போயிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை மதியம் அம்மன் பாட்டு ஒன்றில் உட்கார்ந்திருந்தேன். கொடைக் கமிட்டிக்காரர்கள் சாயங்காலம் வாங்க வருவதாக இருந்தது. வேலையை முடித்துக்கொண்டு இறங்கினேன். அவள் கை சில்லிட்டிருந்தது. நான் போட்ட சத்தத்தில் சுப்புத்தாய் அக்கா குடத்தோடு ஓடிவந்தார். கட்டிலைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டார்.

"தெருக்குழாயில நிக்கிற எனக்கே கேட்டுச்சே தம்பி. காதுக்குள்ளயே ஒனக்குக் கேக்குமே, நீ போயிருப்பேன்னு கொடத்தப் புடிச்சுக்கிட்டு நின்னுட்டனே பாவி."

நான் அவரைத் தேற்றவில்லை, அழவிட்டேன். இசக்கிபாண்டியிடம் ஒயர் விட்டுப்போனது என்றேன். உங்களிடமும் நேற்று அதையே சொன்னேன். ஒயர் நன்றாகத்தான் இருக்கிறது சார்.

நடந்தது இதுதான். பாட்டின் தணிந்த இடத்தில், கேட்டின் பச்சை விளக்கு எரிந்தது. கதவு திறந்து அவள் உள்ளே வந்தாள். அளவு பார்த்த அன்று அவளிடம் இல்லாத சத்தம் அது. எங்கிருந்து எடுத்தாள் என்று தெரியவில்லை. ஏங்க என்று ஒரே ஒரு தடவை. ஆயுசு பூராவும் குரலோடு கிடக்கிறவன் நான், மூச்சு போகிற குரல் எனக்குத் தெரியாதா? தெரிந்துதான் கேட்டின் குமிழைப் பிடித்தேன். வரம்பை உயர்த்தினேன். விளக்கு அணைந்தது. பாட்டைத் திரும்ப முதலிலிருந்து ஓடவிட்டேன்.

அவளை நான் ஒரு வார்த்தை அதட்டியதில்லை. தெருவில் யாரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள். அந்தப் பாட்டையும் கேட்டுப்பாருங்கள், ஒரு பிசிறு இருக்காது. எனக்கு மனசில் பாரம் என்று எதுவும் இல்லை, இப்போதுதான் நிம்மதியாக இருக்கிறேன்.

எழுதி முடித்துவிட்டீர்களா? பேனா நின்றுவிட்டதே, அறையில் ஒரு சத்தமும் இல்லையே. சார், அந்த விசிறியைத் திரும்பப் போடச் சொல்லுங்கள். முனகினாலும் பரவாயில்லை, சீக்கிரம் போடச் சொல்லுங்கள்.