அவர் தைத்த பெல்ட்

இருக்கையை விட்டு எழாத பொறுமையோடும், எல்லோரையும் எழுந்து கைதட்ட வைக்கும் பெருமையோடும் இந்த விழாவுக்குத் தலைமை தாங்கும் மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே! பழைய வண்டிகளின் பல்லைப் பிடித்துப் பார்த்து மதிப்பெண் போட வந்திருக்கும் நடுவர் பெருமக்களே! எத்தனை சோப்புப் போட்டாலும் கிரீஸ் போகாத நகக்கண்களோடு அமர்ந்திருக்கும் மெக்கானிக் அண்ணன்மார்களே! கணவன் காரோடு குடும்பம் நடத்த, வீட்டில் தனியாகக் குடும்பம் நடத்தும் என் அருமைத் தாய்மார்களே! இவள் என்னத்தைச் சொல்லித் தொலைக்கப் போகிறாளோ என்று முன்வரிசையில் முழித்துக்கொண்டிருக்கும் என் வீட்டுக்காரர் அவர்களே! உங்கள் எல்லோருக்கும், சீட் கவர் தைத்துப் பிழைக்கும் இந்தத் தையல்காரியின் தலைதாழ்ந்த வணக்கம்.

வண்டியைப் புதுப்பித்தவர்தான் மேடையேறிப் பேச வேண்டும் என்பது இந்தப் பழைய கார் சங்கத்தின் வழக்கம். இவரோ, "என்னால முடியாது. அந்த ரோட்டுத் திருப்பம் வரைக்கும் சொல்லுவேன், அதுக்கு மேல வாய் வராது. நீயே பேசு" என்று சொல்லிவிட்டார். ஆகவே வந்திருக்கிறேன். அந்தத் திருப்பத்துக்கு அப்பாலும் நான் சொல்லுவேன்.

இவரை உங்களுக்குத் தெரியும். பட்டப்பெயர் 'ஒரிஜினல்'. சிரிக்காதீர்கள், சிரித்தால் இன்னும் பெருமைப்படுவார்! ஓர் ஆணி மாற்றினால் ஆவி துடிக்கும். ஒரு திருகு மாற்றினால் தேகம் நடுங்கும். கம்பெனியில் பிறந்தபோது காரில் என்ன இருந்ததோ, அதுதான் இருக்க வேண்டும். இல்லாதது எதுவும் இருக்கக்கூடாது. கட்டிய மனைவி ஒருத்தி மட்டும்தான் இவர் வாழ்வில் கம்பெனி கொடுக்காத உதிரிபாகம்!

இப்படிப்பட்டவர், பழைய இரும்புக் கடையிலிருந்து ஒரு காரைக் கயிறு கட்டி இழுத்து வந்தார். எதற்காக? எங்கள் மகளுக்காக. "அப்பா, பழைய கார் ஊர்வலத்துல நான் பின்சீட்ல உக்காந்து எல்லாருக்கும் கை காட்டணும்" என்று அவள் கேட்டாள். அந்தச் சின்ன ஆசைக்காகத்தான் அத்தனை துருவும், அத்தனை தூசியும், அத்தனை தும்மலும் எங்கள் வீட்டுக்குள் வந்தன.

எங்கள் கார் ஷெட்டைப் பார்த்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். காரை உள்ளே விட்டால் மனிதர் வெளியே. மனிதர் உள்ளே போனால் மூச்சு வெளியே! சுவருக்கும் கதவுக்கும் நடுவில் வயிற்றை எக்கிக்கொண்டுதான் நுழைய வேண்டும். அந்தச் சந்தில் நுழைந்து, பின் இருக்கையின் இடது பக்கம் உட்கார்ந்து, ஒரு நடுப்பகலில் பழைய ரெக்ஸினைப் பிரிக்கத் தொடங்கினேன்.

பிரித்துக்கொண்டே நிமிர்ந்தேன். முன்னால் இருக்கும் கண்ணாடியில் என் முகம் தெரிந்தது.

இதில் என்ன அதிசயம் என்கிறீர்களா? அந்தக் கண்ணாடி, ஓட்டுகிறவர் பின்னால் வரும் வண்டியைப் பார்ப்பதற்காக வைத்தது. அது இடது மூலையில் உட்கார்ந்திருப்பவளை ஏன் பார்க்கிறது? இவரைக் கூப்பிட்டுத் திருப்பி வைக்கச் சொன்னேன். திருப்பினார், இறுக்கினார், பூட்டினார். மறுநாள் போய் உட்கார்ந்தேன். மறுபடியும் என் முகம்!

"ஸ்க்ரூ லூசா இருக்கும்டி" என்றார்.

"ஸ்க்ரூ லூசா இருந்தா கண்ணாடி தொங்கும். குறி பாத்துத் திரும்புமா?" என்றேன்.

வாஷர் போட்டு முறுக்கினார். அப்போதும் திரும்பியது. ஆளில்லாத ஷெட்டில், அடைத்த கதவுக்குள், யார் திருப்பினார்கள்? எதற்காகத் திருப்பினார்கள்? ஏன் அந்த ஒரே இடத்தை நோக்கித் திருப்பினார்கள்? எனக்கு முதுகில் ஈரத்துணி போட்டதுபோல் இருந்தது. ஆனால் கையில் வேலை இருக்கிறதே, விட்டுவிட முடியுமா?

முழு ரெக்ஸினையும் உரித்தபோதுதான் அதைக் கண்டேன். இருக்கையின் அடித்துணியில், இடது மூலையில், ஒரு தோல் பெல்ட் தைக்கப்பட்டிருந்தது. கம்பெனி தைத்ததல்ல. தையல் தெரியாத ஓர் ஆண் கை, சாக்கு ஊசியால், இரும்புச் சட்டத்தையும் சுற்றிச் சுற்றித் தைத்த தையல். கோணல் மாணலாக இருந்தது. ஆனால் அங்குலத்துக்கு அங்குலம் முடிச்சு. பெல்ட்டின் நீளமோ ஒரு குழந்தையின் இடுப்பளவு. தாய்மார்களே, இதைக் கேளுங்கள். ஒரு பெல்ட்டைப் பலமுறை போட்டுக் கழற்றினால் துளை விரியும், தோல் மடிந்து கோடு விழும். இதில் துளை விரியவில்லை, கோடும் விழவில்லை. அவ்வளவு பாடுபட்டுத் தைத்த பெல்ட்டை ஒருநாள்கூட ஒரு குழந்தைக்கும் மாட்டவே இல்லை.

இவர் எட்டிப் பார்த்தார். "இது கம்பெனி ஐட்டம் இல்ல. அறுத்துப் போடு" என்றார்.

நான் அறுக்கவில்லை. நேரே இரும்புக் கடைக்குப் போனேன். கடைக்காரர் முதலில் மழுப்பினார். பிறகு சொன்னார்.

"முன்னாடி வச்சிருந்த மனுஷனுக்கு ஒரே பொண்ணும்மா. ஓடுற வண்டியில பின்கதவு தொறந்து, புள்ள விழுந்துடுச்சு. போயிடுச்சு. அப்புறம் அந்த ஆளு வண்டியை வெளியவே எடுக்கல. ஆனா தினமும் உள்ள உக்காந்து என்னமோ தச்சுக்கிட்டே இருப்பாராம். அவரும் போய்ச் சேர்ந்துட்டாரு. எதுக்கும்மா இதெல்லாம் கேக்குறீங்க?"

எதற்குக் கேட்டேன்? என் பிள்ளை அதே மூலையில் உட்காரப் போகிறாளே, அதற்காகக் கேட்டேன்!

வீட்டுக்கு ஓடிவந்து சொன்னேன். இவர் முகம் சுருங்கியது. ஆனால் மனம் இளகவில்லை. அந்தப் பின்கதவு எப்படிப்பட்டது என்று நடுவர்களுக்குத் தெரியும். கீல் பின்பக்கம், திறப்பு முன்பக்கம். கொஞ்சம் விலகினால் போதும், எதிர்க்காற்றே பிடித்து இழுத்து முழுக்கத் திறந்துவிடும். தகரம் தட்டும் எங்கள் டிங்கர் அண்ணன் அன்றைக்கே சொன்னார்: "தாழ்ப்பாள் நாக்கு தேஞ்சு போச்சு தம்பி. புதுசு போட்டுரலாம்." இவர் கேட்டாரா? "புதுசு போட்டா மார்க் போயிடும்ணே" என்று, தேய்ந்த நாக்குக்கு முலாம் பூசி, பளபளவென்று மின்ன வைத்து, அதையே மாட்டினார். எங்கேயாவது தேய்மானத்துக்கு மினுமினுப்பு மருந்தாகுமா? இந்தச் சங்கத்துக்காரர்களைத் தவிர வேறு யாராவது இப்படிச் செய்வார்களா?

பின்வரிசையில் கதவைச் சாத்தும் ஐயா... நன்றாகச் சாத்துங்கள். ஒருமுறை இழுத்தும் பாருங்கள். நன்றி.

நான் அந்தப் பெல்ட்டை, முனைகளை மட்டும் வெளியே விட்டு, புது இருக்கைக்குள் வைத்தே தைத்தேன். அந்தத் தகப்பன் போட்ட முடிச்சுகளைத் தொடவில்லை. அதற்கு மேல் என் தையலையும் போட்டேன். நைலான் நூல், இரட்டைத் தையல். நான் தைத்தது பிரிந்தது என்று இதுவரை ஒருவரும் வந்து சொன்னதில்லை.

சோதனை ஓட்டத்துக்குக் கிளம்பிய காலையில் பெல்ட்டைப் பார்த்துவிட்டு இவர் குதித்தார். "இது என்னடி கண்றாவி? மானமே போயிடும்!"

"மானம் போனா வாங்கிக்கலாம். இது இல்லாம எம்பொண்ணு ஏற மாட்டா" என்றேன்.

மகளும் சிணுங்கினாள். "குத்துதும்மா." கேட்காமல் மாட்டிவிட்டேன். அந்தத் துளையில் கொக்கி நுழைந்தது அதுதான் முதல் தடவை. நான் முன்னால் உட்கார்ந்தேன். வண்டி கிளம்பியது. வெயில் சுள்ளென்று அடிக்கிறது. எஞ்சின் பூனைபோல் உறுமுகிறது. இவர் சீட்டியடிக்கிறார். அந்தத் திருப்பம் வருகிறது.

'கிறீச்' என்றது. கண்ணாடி திரும்பியது.

நாங்கள் இருவரும் பார்த்தோம். தொட்டவர் யாரும் இல்லை. இவர் கண்ணாடியைத் திருப்பக் கையை நீட்டினார். நீட்டிய கை நின்றது. கண்ணாடிக்குள் கதவின் ஓரத்தில் வெயில் ஒரு கோடாக விழுந்திருந்தது. மூடிய கதவில் வெயில் ஏது? பிரேக்கில் ஏறி நின்றார். அந்த நொடியில் காற்று கதவைப் பிடுங்கி விரித்தது. என் மகள் வெளியே சாய்ந்தாள். தலை வெளியே, கை வெளியே, ஒரு செருப்பு ரோட்டில். நான் அலறினேனா, மூச்சை அடக்கினேனா, தெரியாது. வண்டி நின்றபோது அவளைப் பிடித்திருந்தது இடுப்பில் அந்தப் பெல்ட் மட்டும்தான். தொங்கிக்கொண்டு, "அம்மா" என்றாள். என்னைப் பெற்றவள் கூப்பிட்டால்கூட நான் அப்படி ஓடியிருக்க மாட்டேன்.

நடுவர் பெருமக்களே! எங்கள் வண்டியில் இப்போது புதுத் தாழ்ப்பாள் இருக்கிறது. பெல்ட் இருக்கிறது. இரண்டும் கம்பெனி கொடுத்தவை அல்ல. மதிப்பெண்ணைக் குறையுங்கள். தாராளமாகக் குறையுங்கள். பூஜ்யம் போட்டாலும் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுகிறேன். ஆனால் இந்த மண்டபத்தில் இருக்கும் ஒவ்வொருவரும் இன்றைக்கு வீட்டுக்குப் போய், மினுக்கிய கதவையெல்லாம் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். வண்டி ஒரிஜினலாக இருந்து, பிள்ளை இல்லாமல் போனால், அந்த வண்டியில் யாரை ஏற்றுவீர்கள்? யாருக்காக ஓட்டுவீர்கள்? சொல்லுங்கள், யாருக்காக?

கைதட்ட வேண்டாம். இன்னும் ஒன்று சொல்ல வேண்டும்.

வீட்டுக்கு வந்து இருக்கையைப் பிரித்துப் பார்த்தேன். அறுந்து கிடந்தது என் நைலான் நூல். இரட்டைத் தையல் முழுக்க அறுந்திருந்தது. அவர் போட்ட பருத்தி நூல், இத்தனை வருடம் மக்கியிருக்க வேண்டிய நூல், ஒரு முடிச்சுக்கூட நெகிழவில்லை. தொட்டுப் பார்த்தேன், சூடாக இருந்தது. கண்ணாடி அன்றிலிருந்து திரும்பவே இல்லை. நன்றி சொல்ல வேண்டுமே என்று அந்த ஷெட்டில் போய் நின்று பார்த்தேன். எதிரில் யாரும் இருப்பதாகத் தோன்றவில்லை.

மேடைப் பேச்சை நன்றி சொல்லித்தான் முடிக்க வேண்டும். தலைவருக்கும், நடுவருக்கும், பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும் என் நன்றி. பெயர்கூடத் தெரியாத அந்தத் தகப்பனாருக்கும் சொல்கிறேன். ஐயா, எங்கே இருந்தாலும் கேளுங்கள். உங்கள் தையல் தாங்கிவிட்டது. பிள்ளை பிழைத்துவிட்டாள். இனி நீங்கள் முன்னால் பார்த்து நிம்மதியாகப் போகலாம்.

வணக்கம்.