அம்மாவின் மரண உதவிச் சங்கம்

"அம்மா நல்லாத்தான் இருக்கு அண்ணே. சங்கந்தான் செத்துப்போச்சு."

கடுகண்ணாவை பஸ்ஸில் என் முன் ஆசனத்துப் பெண் பக்கத்திலிருந்த அண்ணனிடம் இப்படிச் சொன்னதும் பத்திரிகையை மடித்துவிட்டேன். தேயிலைத் தோட்டத்து மரண உதவிச் சங்கத்தைத் தொடங்கியவர் அவர்களுடைய தாயார் என்பதும், அவருக்குத் தொண்ணூறு தாண்டிவிட்டது என்பதும் பேச்சில் தெரிந்தன.

"அப்ப கூட்டம் போட்டுக் கலைச்சிருங்க," என்றார் அண்ணன்.

"யாரக் கூப்பிட? கூட இருந்தவங்க எல்லாத்தையும் அம்மாதானே அனுப்பி வச்சுச்சு."

சங்க விதிப்படி கலைப்பதற்கும் பொதுக்கூட்டம் வேண்டும். கூட்டத்துக்குக் குறைந்தபட்ச வருகை வேண்டும். என்னிடம் யாரும் கேட்கவில்லை.

"எல்லாச் சாவு வீட்டுக்கும் அதுதான் தேத்தண்ணி போட்டுச்சு. அதோட சாவுக்கு யாரு போடுறதுன்னு ஒரே கவல."

"கண்டியில மலர்ச்சாலைக்காரன் சவப்பொட்டியிலேருந்து தேத்தண்ணி வரைக்கும் எல்லாம் பாத்துக்குவான்."

"அதச் சொல்லப் போயி ரெண்டு நாளா என்கூடப் பேசல. இப்ப பக்கத்து லயத்து வீடுகளுக்குப் புதுசா வந்த பொம்பளைகளச் சங்கத்துல சேத்து, அண்டாவுல தேத்தண்ணி போடப் பழக்குது. சாயம் பத்தலைன்னு தெனமும் திட்டு. அது சரியா வந்தாத்தான் நிம்மதியாப் போவேன்னு சொல்லுது."

பிலிமத்தலாவை தாண்டியதும் அண்ணன் தங்கை பக்கம் திரும்பினார்.

"அந்தப் பொம்பளைககிட்டச் சொல்லு தங்கச்சி, சாயத்தக் கொறச்சே போடச் சொல்லி."