ஆறு படியும் நாலு படியும்

"ஆறு படி, நாலு படி, ரெண்டே அளவுதான். அத வெச்சி அஞ்சு படி எண்ணெய் அளக்கணும். அவரு போட்ட இந்தக் கணக்கு எனக்கு இன்னும் வர்லண்ணா."

ஆம்பூரில் ரயிலேறிய இருவரில் இளையவர்தான் கேட்டார். தோல் பதனிடும் ஷாப்பில் கூட வேலை செய்த ஏகாம்பரத்தின் கருமாதி முடிந்து ஊர் திரும்புகிறவர்கள் என்பது பேச்சில் தெரிந்தது. இருவர் கையிலும் ஆவாரம்பட்டைக் கறை.

"வராது," என்றார் மூத்தவர். "ரெண்டும் ரெட்டப்படை. எப்டி ஊத்தினாலும் அஞ்சு நிக்காது. ஏகாம்பரம் ஜொரத்துல கணக்கத் தப்பா சொல்லிட்டான்."

"உனக்கு எப்ப தெரிஞ்சிது?"

"அவன் சொன்னப்பவே."

"அப்புறம் ஏண்ணா அவருகிட்ட தோத்தேன்னு சொன்ன?"

"எந்தக் கணக்கும் தப்பாத ஆளு. புத்தி கலங்கிப்போச்சின்னு சாவறப்ப அவனுக்கு எதுக்குத் தெரியணும்?"

இளையவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அப்படியே கேட்டார்: "கணக்குல தோத்தவன்தான ஜெயிச்சவன் முறைக்குத் தோல் ஊற சுண்ணாம்புக் குழியில எறங்கணும்?"

"அதத்தான் சிரிச்சிக்கினே சொன்னான். நாளைக்கு எனக்கு பதிலா நீ எறங்குடான்னான். விடியறப்ப போய்ட்டான்."

"எறங்கினியா?"

"எறங்கிட்டுத்தாண்டா பாடை தூக்கப் போனேன்."