ஆறாவது ஆள்

வாளையாறு தாண்டி பாசஞ்சர் ரயில் ஆடி ஆடிப் போய்க்கொண்டிருந்தது. வெளியே பனைமரங்கள் வெயிலில் மிதந்தன. எதிர்ப் பலகையில் ஒரு போலீஸ் ஏட்டும், தகரப்பெட்டியை மடியில் வைத்திருந்த ஒரு ஜெயில் வார்டரும். வார்டர் சொன்னதைக் கேட்டு என் அரைத்தூக்கம் கலைந்தது.

"ஜெயில்ல எவனெவன் ஒரே கூட்டம்னு தெரியோணும்னா, மத்தியானம் தூங்கறப்பப் பாக்கோணுமுங்க."

"அதெப்படிங்க?"

"கூட்டாளிங்க ஒண்ணாத் தூங்க மாட்டாங்க. நாலு பேரு தூங்குனா ஒருத்தன் முழிச்சிருப்பான். அப்படித்தான் அஞ்சு பேரைக் கண்டுபிடிச்சனுங்க. சூப்பிரண்டு ஆளுக்கொரு அறையில போட்டுட்டாரு."

"அப்பறம்?"

"பத்து நாளா ஒருத்தனும் கண்ணை மூடலீங்க. சோறும் எறங்கல. பாவமாப் போச்சு. நானே ஒரு மத்தியானம் அஞ்சு பேரையும் ஒரே அறையில உட்டேன். அஞ்சு பேரும் ஒண்ணாத் தூங்கிட்டாங்க."

"காவலுக்கு ஒருத்தன் கூட முழிச்சிருக்கலீங்களா?"

"நான் வாசல்ல முழிச்சிருந்தனுல்லீங்க." வார்டர் பெட்டியைத் தடவினார். "அப்பப் பாத்து சூப்பிரண்டு வந்தாரு. இந்த அடையாளத்தை அவருக்குச் சொல்லிக் குடுத்ததே நாந்தானுங்க. தூங்கறவங்களைப் பாத்தாரு, என்னையப் பாத்தாரு. கூட்டத்துல ஆறாவது ஆளுன்னு எழுதி, வேலையை உட்டு நிறுத்திட்டாரு."

ஏட்டு தொப்பியை முகத்தின் மேல் கவிழ்த்துக்கொண்டார்.

"கஞ்சிக்கோடு வந்தா எழுப்பி உடுங்க."

"ஆகட்டுங்க. நீங்க தூங்குங்க."

நானும் கண்ணை மூடிக்கொண்டேன்.