வேடிக்கையாகப் பதில் சொல்லுங்கள் மாஸ்டர்

எனக்குச் சண்டை என்றாலே ஆகாது, ஐயா. குடும்ப வழக்கும் சொத்து வழக்கும் நடத்துகிறவன் இப்படிச் சொன்னால், மீன்காரர் மீன் வாடை ஒத்துக்கொள்ளாது என்பதுபோல் இருக்கும். ஆனால் நிஜம். கட்சிக்காரர்கள் என் மேசையைத் தட்டிக் கத்தும்போது நான் எழுந்துபோய் ஜன்னலோரச் செடிக்குத் தண்ணீர் விடுவேன். அது காடாக மண்டிக் கிடக்கிறது.

நீச்சல் மாஸ்டரைப் பற்றித்தானே கேட்கிறீர்கள்? அருமையான மனிதர். ஊரில் பாதிப் பேரைத் தண்ணீரில் தள்ளிவிட்டு நீந்தக் கற்றுக்கொடுத்தவர். மனைவி போன பிறகு அத்தனை பெரிய வீட்டில் ஒண்டி ஆள். ஒரு மகன், ஒரு மகள். அண்ணன் தங்கைக்குள் முகம்கொடுத்துப் பேச்சில்லை. மகன் வந்து கொஞ்சினால் உயிலில் வீடு மகனுக்கு. மகள் வந்து கண்ணைக் கசக்கினால் மகளுக்கு. மாற்றி மாற்றி எழுதி எனக்குத்தான் கை ஓய்ந்துபோனது.

ஒருநாள் சிரித்துக்கொண்டே வந்து உட்கார்ந்தார்.

"தம்பி, ரெண்டு பேருக்கும் கிடையாது. வீட்டை வித்துட்டுக் கப்பல்ல உலகத்தைச் சுத்தப் போறேன். ஏற்பாடு பண்ணு."

"பிள்ளைங்க சும்மா இருப்பாங்களா மாஸ்டர்?"

"கரையில நின்னு டாட்டா காட்டட்டும்."

இவர் கப்பலேறிவிடுவார். அந்த இரண்டு பேரும் நேராக என் மேசைக்குத்தானே வருவார்கள்? பொறுப்புள்ளவன் ஒருவன் குறுக்கே நின்றாக வேண்டும். நின்றேன்.

வீட்டை விற்க டாக்டர் சான்று வேண்டும் என்று அவரிடம் சொன்னேன். "டாக்டர் ஜாலியான ஆளு மாஸ்டர். சின்னப் பிள்ளைகிட்ட கேக்குற மாதிரி கேப்பாரு. நேரா பதில் சொன்னா அவர் முகம் தொங்கிடும். வேடிக்கையா அடிச்சு விடுங்க." டாக்டரிடம், பெரியவருக்குக் கொஞ்ச காலமாக மறதி என்று முன்பே வருத்தத்தோடு சொல்லி வைத்திருந்தேன்.

அந்த டாக்டர் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

"இது எந்த மாசம்?"

"ஏன் டாக்டர், இன்னும் சம்பளம் வரலையா?"

"உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க?"

"நீந்தத் தெரிஞ்சவங்களை மட்டும் எண்ணவா?"

கடிகாரம் வரையச் சொன்னார். மாஸ்டர் அதற்கு மீசை வைத்தார். எனக்கே சிரிப்பை அடக்க முடியவில்லை. டாக்டர் எழுதிக்கொண்டே இருந்தார்.

பிறகு எல்லாம் சுலபம். "பொதுவான ஆள் ஒருத்தர் பாதுகாவலரா இருக்கட்டும்மா, இல்லன்னா உங்க அண்ணன் கைக்குப் போயிடும்" என்று மகளிடம் சொன்னேன். மகனிடம் தங்கையைச் சொன்னேன். என்னையே பாதுகாவலராக்க இருவரும் சம்மதித்தார்கள். நீதிமன்றத்தில்தான் மாஸ்டருக்கு விஷயம் புரிந்தது. கத்தினார், நாற்காலியைத் தள்ளினார். நீதிபதிக்கு அதற்கு மேல் கேட்க ஒன்றுமில்லை.

நல்ல முதியோர் இல்லமாகத்தான் பார்த்துச் சேர்த்தேன். காற்றோட்டமான அறை, பூட்டிய கேட். "எனக்குப் புத்தி தெளிவாத்தான் இருக்கு" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். அங்கே எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள், பாவம். அதிகம் சொன்னால் மாத்திரையைக் கூட்டினார்கள். உங்களைப் பார்த்தால்தான் அப்பாவுக்கு வெறி வருகிறது என்று இருவரிடமும் தனித்தனியாகச் சொன்னேன். பிள்ளைகளுக்கு நேரமில்லை என்று அவரிடம் சொன்னேன். பூட்டிக் கிடந்தால் வீடு பாழாகும் என்பதால் என் ஆபீசை அங்கே மாற்றிக்கொண்டேன். முன்னறையில் நல்ல வெளிச்சம்.

அவர் வேடிக்கை பேசுவதை நிறுத்தினார். அப்புறம் பேசுவதையே. அப்புறம் சாப்பாட்டை. இரண்டாவது மழைக்காலத்தில் போய்விட்டார். அவருக்கு மறதி இல்லை என்று எனக்குத் தெரியும், ஐயா. என் பிறந்தநாளைக்கூட மறந்ததில்லை. வேண்டுமென்றேதான் செய்தேன், எழுதிக்கொள்ளுங்கள்.

அடக்கத்தன்று மகளும் மகனும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வேண்டியதாயிற்று.

"உன்னைப் பாத்தா அப்பா ஏத்துக்கிட்டிருப்பாருண்ணா. என்னைப் பாத்தாத்தான் வெறி வரும்னு வக்கீல் சொன்னாரு."

"எனக்கும் அதையேதானேம்மா சொன்னாரு?"

இருவரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். பிறகு கட்டிக்கொண்டு அழுதார்கள்.

உங்களிடம் இருக்கும் புகாரை மறுபடி ஒரு தடவை பாருங்கள். அண்ணனும் தங்கையும் ஒரே தாளில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அவர்களைப் பெற்ற மனிதரால் கடைசிவரை முடியாத காரியம் அது. நான் சேர்த்து வைத்தேன்.