பையில் மிஞ்சிய முகக்கவசம்

என் பெயர், கணவர் பெயர், வீட்டு விலாசம் ஆகியவற்றைத் தனித்தாளில் எழுதி இத்துடன் இணைத்திருக்கிறேன். வயது நாற்பத்து நான்கு. வேதியியலில் பட்டம் பெற்றவள். நகரக் குடிநீர் நிலையத்தின் பரிசோதனைக் கூடத்தில் பத்தொன்பது ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். ஊழியர் குடியிருப்பில் கணவருடனும் பத்தாம் வகுப்பில் படிக்கும் மகளுடனும் வசிக்கிறேன். நிலையத்தின் பெண்கள் ஹாக்கி அணிக்கு ஒன்பது ஆண்டுகளாக நான்தான் கேப்டன்.

சென்ற மாதம் பதினான்காம் தேதி நடந்த ஆட்டத்தில் எங்கள் அணிப் பெண் ஒருத்தி இடது கண்ணை இழந்தது குறித்து, பதினேழாம் தேதி மருத்துவமனையில் வைத்து நான் ஏற்கெனவே ஒரு வாக்குமூலம் கொடுத்திருக்கிறேன். அதில் ஒரு பகுதி பொய். அந்தப் பொய்யால் எங்கள் விளையாட்டுப் பொருள் அறையின் பொறுப்பாளர் வேலையிலிருந்து நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறார். அவர் மீது வழக்கும் பதிவாகியிருக்கிறது. அவர் ஓய்வு பெற இன்னும் ஏழு மாதங்கள்தான் இருக்கின்றன. அதைத் திருத்துவதற்காக, யாரும் அழைக்காமல் நானாகவே இன்று காலை காவல் நிலையம் வந்து, ஆய்வாளரின் அனுமதியுடன் இதை என் கைப்பட எழுதுகிறேன்.

தனக்கு ஹாக்கி பழக்கமில்லை என்று ஆய்வாளர் சொன்னதால் ஒன்றை முதலில் விளக்குகிறேன். எதிரணிக்குப் பெனால்டி கார்னர் கிடைத்தால், எங்களில் நான்கு பேரும் கோல்கீப்பரும் கோல் கோட்டுக்குப் பின்னால் நிற்க வேண்டும்; மற்றவர்கள் நடுக்கோட்டுக்குப் போய்விட வேண்டும். அவர்கள் பந்தை உள்ளே தள்ளியதும் எங்களில் ஒருத்தி, அடிக்கப் போகிறவளை நோக்கி நேராக ஓட வேண்டும். பந்து முகத்துக்கு வரும் என்று தெரிந்தேதான் ஓடுவது. அதற்காக நான்கு பேரும் முகக்கவசம் போட்டுக்கொள்வோம். கவசங்கள் கோலுக்குப் பின்னால் ஒரு பையில் இருக்கும். ஒன்பது ஆண்டுகளாக முதலில் ஓடியவள் நான். மற்ற மூவரும் எடுத்த பிறகு, பையில் மிஞ்சியதை எடுப்பதும் நானே. அப்படி யாரும் விதி எழுதி வைக்கவில்லை. சென்ற ஆண்டு விழாவில் எங்கள் செயலாளர் இதைச் சொல்லி, நல்ல கேப்டனுக்கு இதுதான் அடையாளம் என்று பேசியபோது எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கு அது பிடித்திருந்தது என்பதையும் எழுதுகிறேன்.

ஆட்டத்துக்கு ஐந்து வாரங்களுக்கு முன், பயிற்சியின்போது என் கவசத்தில் பந்து பட்டது. கவசத்தின் இடப்பக்கப் பட்டி அறுந்தது. என் கடைவாய்ப் பல் ஒன்று ஆடிப்போனது. எட்டு நாட்கள் என் மகள் எனக்குச் சோற்றைக் குழைத்துக் கொடுத்தாள். அதன் பிறகு பரிசோதனைக் கூடத்தில் ஒரு நாள் உதவியாளர் கண்ணாடிக் குடுவையைக் கீழே போட்டபோது, நான் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டேன். "என்ன மேடம், குடுவைதான், குண்டு இல்ல" என்று அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். இதை யாரிடமும் சொல்லவில்லை.

அதன் பிறகு ஆட்டத்துக்கு முந்தைய திங்கட்கிழமை நான் பொருள் அறைக்குப் போனேன். பொறுப்பாளரை நாங்கள் 'பூட்டு' என்று கூப்பிடுவோம். கையெழுத்து இல்லாமல் ஒரு பந்து கூட வெளியே விட மாட்டார். பந்து கேட்டால் பெண் கேட்டதுபோல முழிக்கிறார் என்று அணியில் கேலி செய்வார்கள். அவர் அந்தக் கவசத்தில் சிவப்புத் துணி கட்டி மேல் அடுக்கில் தனியாக வைத்திருந்தார்.

"பட்டி அறுந்தது வேணாம்மா. புதுசு வர பத்து நாள் ஆகும். மின் நிலையத்துல ஒண்ணு இரவல் கேட்டு வாங்கிட்டு வரேன்" என்றார்.

அந்த வாரம் நாங்கள் மோத இருந்தது மின் நிலைய அணியோடுதான். "அவங்ககிட்ட போய்க் கை நீட்டணுமா அண்ணா? எடுங்க, அது எனக்குத்தான். வேற யாரும் போட மாட்டாங்க" என்றேன்.

"நீங்களே போட்டாலும் சரி, மோசமானது பையில எதுக்கும்மா இருக்கணும்?" என்று கேட்டார்.

"உங்க பூட்டுக்குள்ள இருந்தா மட்டும் நல்லா ஆயிடுமா?" என்றேன். அவரும் சிரித்துவிட்டு எடுத்துக் கொடுத்தார். சிவப்புத் துணியை நான்தான் அவிழ்த்தேன். அன்று அவர் கையெழுத்து வாங்கவில்லை. கேட்டது நான் என்பதால் வாங்கவில்லை. அதன் பிறகு வீட்டில், என் பழைய வெள்ளைக் காலணியின் நாடாவை உருவி, அறுந்த பட்டிக்குப் பதிலாகக் கோத்தேன். என் பின்னலுக்கு மேலே இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டால் அது நிற்கும். பின்னல் இல்லாத தலையில் நிற்காது. அது எனக்கு அப்போதே தெரியும்.

பதினான்காம் தேதி ஆட்டம் காலை எட்டு மணிக்குத் தொடங்கியது. ஆறு நிமிடங்கள் மீதமிருக்கையில் இரண்டு அணிகளும் தலா ஒரு கோல் போட்டிருந்தன. அப்போது அவர்களுக்குப் பெனால்டி கார்னர் கிடைத்தது. அடிக்க வந்தவள் முந்தைய ஆட்டத்தில் கோல் பலகையை அதிர வைத்தவள். நான் பையின் அருகில் போனேன். மற்றவர்கள் எடுப்பதற்காகக் காத்திருக்கவில்லை. நீல நிறக் கவசத்தை, அதாவது இருப்பதில் நல்லதை, முதலில் எடுத்துப் போட்டுக்கொண்டேன். அதன் பிறகு நடுக்கோட்டுப் பக்கம் திரும்பி, "எனக்கு முழங்கால் பிடிச்சிருச்சு. கொசு, நீ வா, நீ ஓடு" என்று கூப்பிட்டேன். வழக்கமாக நான்காவதாக நிற்பவளைக் கொசு நின்ற இடத்துக்கு அனுப்பினேன்.

கொசு என்பது அடிபட்ட பெண்ணுக்கு நாங்கள் வைத்த பெயர். வயது இருபத்திரண்டு. வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் அளவு எடுக்கும் வேலை. எதிரணிக்காரிகளின் காதோரமே சுற்றிக்கொண்டிருப்பாள் என்பதால் அந்தப் பெயர். அவள் பல்லெல்லாம் தெரிய ஓடி வந்தாள். "அக்கா, உங்க இடமா! எனக்கா!" என்றாள். அதற்குள் மற்ற இருவரும் எடுத்துவிட்டிருந்தார்கள். பையில் ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. அவள் அதைத் தலையில் மாட்டிக்கொண்டு, "அக்கா, இந்த நாடாவை எப்படிக் கட்டறது?" என்று கேட்டாள். அவள் முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை, பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "சும்மா இழுத்து முடிச்சுப் போடுடி, நேரமில்ல" என்றேன். நடுவர் கையை உயர்த்தினார்.

அவள் என்னை விட வேகமாக ஓடினாள். ஏழெட்டு அடி ஓடியதும் கவசம் நழுவித் தாடைக்குக் கீழே இறங்கியது. அவள் கையால் அதைத் தள்ளிவிட்டு ஓடிக்கொண்டே இருந்தாள், நிற்கவில்லை. பந்து அவள் இடது கண்ணில் பட்டது. கோல் விழவில்லை.

என் முழங்காலில் எந்த வலியும் இல்லை. எனக்குப் பயம். அவ்வளவுதான்.

அதன் பிறகு பூட்டு அண்ணன் ஈரத்துண்டோடு ஓடி வந்தார். அவள் கழுத்தில் கிடந்த கவசத்தையும் அதிலிருந்த நாடாவையும் பார்த்தார். என் முகத்தில் நான் போட்டிருந்த நீலக் கவசத்தையும் பார்த்தார்.

பதினேழாம் தேதி காவலர் கேட்டபோது, பட்டி அறுந்திருந்தது என்றும், பல முறை கேட்டும் பொருள் அறையில் வேறொன்று தரவில்லை என்றும் சொன்னேன். முதலாவது உண்மை. இரண்டாவது பொய். தான் அதைத் தனியாக எடுத்து வைத்ததாகவும் கேப்டன் கேட்டு வாங்கிப் போனதாகவும் பொறுப்பாளர் சொன்னதை யாரும் நம்பவில்லை. காட்டுவதற்கு அவரிடம் கையெழுத்து இல்லை. எங்கள் அணியில் மற்ற ஒன்பது பேரும் நான் சொன்னதையே சொல்லியிருக்கிறார்கள். அப்படிச் சொல்லும்படி நான் யாரையும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. ஒன்பது ஆண்டுகளாக நான் ஓடச் சொன்ன பக்கம் ஓடியவர்கள் அவர்கள். அது என் வார்த்தை, அவர்களுடையது அல்ல. அதற்காக அவர்கள் மீது நடவடிக்கை வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நேற்று மாலை மருத்துவமனையில் கொசுவைப் பார்த்தேன். கட்டில் ஓரமாக உட்கார்ந்து, ஒரு கண்ணால் தண்ணீரைத் தம்ளரில் ஊற்றிப் பழகிக்கொண்டிருந்தாள். பாதி வெளியே சிந்தியது. "மீட்டர் பாக்க ஒரு கண்ணு போதும்க்கா, எண்ணு ஒண்ணுதானே" என்றாள். சிந்திய தண்ணீரை நான் துடைத்தேன். பிறகு, "நான்தான் சரியா கட்டல போலக்கா. உங்களுக்குக் கெட்ட பேரு வாங்கிக் கொடுத்துட்டேன். உங்க முழங்கால் இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டாள். "பரவாயில்ல" என்று சொல்லிவிட்டு வந்தேன். அதுவும் பொய் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

அறுந்த கவசத்தை அடுக்கிலிருந்து பைக்குக் கொண்டு வந்தவள் நான். அதை நானே போட்டுக்கொண்டிருந்த வரை என்னை எல்லோரும் நல்ல கேப்டன் என்றார்கள், நானும் நம்பினேன். அது பையிலேயே இருந்திருக்கக் கூடாது என்று ஒருவர்தான் சொன்னார். அவர் மீதுதான் இப்போது வழக்கு இருக்கிறது.

இதைக் கொடுத்தால் வழக்கு என் மீது திரும்பக்கூடும், என் வேலையும் போகக்கூடும் என்று ஆய்வாளர் எனக்கு விளக்கினார். புரிந்துகொண்டேன். என் கணவரிடமும் மகளிடமும் சொல்லிவிட்டே வந்தேன். மகள் என்னோடு வந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள்.

காவல் நிலையத்தில் சான்றுப் பொருளாக வைத்திருக்கும் கவசத்தை எனக்குக் காட்டினார்கள். அதில் கோத்திருக்கும் வெள்ளை நாடா என் வலது காலணியினுடையது. இடது காலணியின் நாடாவை இன்று காலை உருவி எடுத்து வந்தேன். இரண்டும் ஒரே நீளம், இரண்டின் முனையிலும் ஒரே பச்சைக் கோடு. ஆய்வாளர் முன்னிலையில் இரண்டையும் மேசை மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். பொறுப்பாளரிடம் இல்லாத கையெழுத்துக்குப் பதிலாக இதை ஒப்படைக்கிறேன்.

மேலே உள்ள ஒவ்வொன்றையும் நடந்தபடியே எழுதியிருக்கிறேன். யாரும் என்னை வற்புறுத்தவில்லை, யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. முழுவதும் ஒரு முறை படித்துப் பார்த்தேன். திருத்த ஒன்றுமில்லை.

(கையொப்பம்)
பரிசோதனைக் கூட ஊழியர்