நைனா வரும் பாட்டு

திருத்தணி பேருந்து நிலையத்தில் ஆர்.கே.பேட்டை டவுன் பஸ் வருவதாகவே தெரியவில்லை. அப்போதுதான் பின்னாலிருந்து அந்தக் குரல் கேட்டது.

"இந்தியில நைனான்னா கண்ணாம்க்கா."

தோளில் பையோடு ஓர் இளம்பெண். காலை ரயிலில் சென்னையிலிருந்து வந்து இறங்கியிருக்கிறாள். அவள் பேசிக்கொண்டிருந்தது ஊர்க்காரப் பெண் ஒருவரிடம்.

"யாரு சொன்னது? நைனான்னா அப்பா."

"நைனான்னு வருமே ஒரு பாட்டு, அதைப் பாடறவரே சொன்னாரு. நேத்து சாயங்காலம் ஒரு சின்ன ஹால்ல அவங்க பேண்டு வாசிச்சாங்க. முடிஞ்சதும் எல்லாரும் கீழ வந்து எங்ககூட டீ குடிச்சிக்கினு இருந்தாங்க. நான் கிட்ட போயி, எங்க நைனா செத்ததுலருந்து உங்க பாட்டைக் கேட்டாத்தாங்க எனக்குத் தூக்கமே வருதுன்னு சொன்னேன்."

"அதுக்கு?"

"அவருக்கு ஒண்ணும் புரியல. அது காதல் பாட்டும்மா, நைனான்னா கண்ணுன்னாரு. அப்புறம் டீயைக் கீழ வச்சிட்டு, உங்க ஊர்ல அப்பாவை அப்படியா கூப்பிடுவீங்கன்னு கேட்டாரு. ஆங்ன்னேன். ரெண்டு பேரும் முழிச்சிக்கினு நின்னோம்."

"அப்போ அது அப்பா பாட்டு இல்லியா?"

"அதான்க்கா தெரியல. நைனா, என்னைப் பாக்காம போவாதன்னு வரும். கண்ணு எங்கக்கா போவும்?"

இளம்பெண்ணின் பைக்குள் கைபேசி பாட ஆரம்பித்தது.

"இதான் அந்தப் பாட்டா? எடு, உங்கம்மாவாத்தான் இருக்கும்."

"இருங்கக்கா. அந்த வார்த்தை வந்துடட்டும்."